கூரை கூறும் சாட்சியம்

இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் கல்நார் நூற்ற தொழிலாளி நெல்லி கேர்ஷோ 1924இல் மாண்டார். அவரது சுவாசப்பையிற் படிந்த துகள்களை மருத்துவர் குக் நுணுக்குக்காட்டியிற் கண்டு பதிவுசெய்தார். ஆலை நிர்வாகமோ நட்டஈடு வழங்க மறுத்தது. அவ்வுண்மை விதியாவதற்கு ஏழாண்டுகள் சென்றன. 1931இன் அவ்விதிகளும் ஆலைத் தூசியையே கட்டுப்படுத்தின. கல்நார் வேய்ந்த கட்டடங்களைத் தீண்டவில்லை.

1986இல் அமெரிக்கச் சட்டமொன்று பாடசாலைகளைச் சோதிக்கப் பணித்தது. கூரையிலும் குழாயுறையிலும் எடுத்த மாதிரியில் கல்நார் நூற்றுக்கு ஒன்றை விஞ்சின், அது கல்நார்ப் பொருளே. எடுத்த இடம், நாள், ஆய்வுகூடம், முடிவு யாவும் ஏட்டில் ஏறல் வேண்டும். அவ்வேட்டை ஆசிரியரும் பெற்றோரும் பார்வையிடலாம்.

பூட்டிய அலுமாரியிலுள்ள ஆய்வுமுடிவு எவரையுங் காப்பதில்லை. மூச்சுவிடுவோர் கையிற் சேரும்போதே பதிவு உரிமையாகின்றது. நாம் கற்பிக்கும் கூரையைப்பற்றியும் அவ்வேட்டைக் கேட்போமாக.