நாற்பது கிலோ மூட்டை

குறுவை அறுப்புக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஜூனில் மேட்டூர் அணைத் தண்ணீரை நம்பி விதைத்த ஆடுதுறை 37 நெல், சுமார் 105 நாளில் முற்றிவிடும். குண்டு ரகம், இட்லிக்கு ஏற்றது. அறுவடை இயந்திரம் கொட்டிய நெல் அப்படியே டிராக்டரில் ஏறி, ஊரிலுள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் முன்னால் குவிக்கப்படுகிறது. ரேஷன் அரிசியின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

அங்கே முதல் கேள்வி ஈரப்பதம். 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். காவிரிப் படுகையில் அந்தப் பருவத்தில் நெல் 17-க்குள் காய்வது பெரும்பாடு. குவியலைக் கலைத்துத் தார்ச்சாலையில் பரப்புவதும், மேகம் கறுத்தால் ஓடிவந்து அள்ளிக் குவித்துத் தார்ப்பாய் போடுவதுமாக விவசாயிகள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். தண்ணீர் கோத்துக்கொண்டால் குவியலின் அடிநெல் முளைவிட்டுவிடும். மாநில அரசு மத்திய அரசிடம் ஈரப்பதத் தளர்வு கேட்கும், டெல்லியிலிருந்து ஒரு குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், பிறகு உத்தரவு வரும். அதற்குள் மழை எத்தனையோ முறை பெய்துவிடுகிறது. பசிக்கு எதிராக இந்த மாநிலம் எழுப்பியிருக்கும் ஏற்பாட்டில் மிகப் பலவீனமான இடம் கூரையில்லாத இந்தக் களம்தான். கோடிக்கணக்கான பேர் சாப்பிடும் நெல்லுக்கு ஒரு கூரையும் ஒரு உலர்த்தும் இயந்திரமும் எல்லா ஊரிலும் இன்னும் அமையாதது எனக்குத் தாங்கவில்லை.

ஈரம் சரியென்றால் தூற்றும் இயந்திரத்தில் பதரும் கருக்காயும் பறக்கும். பட்டியல் எழுத்தர் பெயரெழுத, நெல் நாற்பது நாற்பது கிலோவாகச் சாக்கில் ஏறும். சுமைதூக்கும் தொழிலாளர்கள் வாயைச் சணலால் தைத்து லாரியில் அடுக்குவார்கள். இனி அது 1972-இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் சொத்து. நீடாமங்கலத்திலோ தஞ்சாவூரிலோ சரக்கு ரயிலேறி, வேறு மாவட்டத்து ஆலைக்கு அரவைக்குப் போகும்.

ஆலையில் ஊறி, அவிந்து, காய்ந்து, அரைபட்டு வெளிவரும்போது 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி திரும்பித் தரவேண்டும் என்பது கணக்கு. நம் மூட்டை 27 கிலோ சொச்சமாகச் சுருங்கிவிடுகிறது. ஊறல் தொட்டியில் நெல் அதிக நேரம் கிடந்தால் அரிசியில் ஒரு வாடை ஏறும். ரேஷன் அரிசியைப் பற்றிய புகார்கள் பல அந்தத் தொட்டியிலிருந்து வருபவை. கறுப்பு அரிசியைப் பொறுக்கித் தள்ளும் இயந்திரத்தை ஆலைகள் பொருத்த வேண்டும் என்று அரசு வற்புறுத்திய பிறகு நிறம் தேறியிருக்கிறது.

கிடங்கைத் தாண்டி அரிசி நியாயவிலைக் கடைக்கு வருகிறது. அதன் விலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1967-இல் அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிவைத்தார். 2006-இல் கிலோ இரண்டு ரூபாய், 2008-இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை. ஆனால் விலையைவிடப் பெரிய முடிவு ஒன்று இருக்கிறது. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. அரிசி அட்டை வைத்திருப்பவர் யாராயினும் வாங்கலாம். வசதியானவர்களுக்கும் போகிறதே, கடத்தப்படுகிறதே, கோழித் தீவனமாகிறதே என்பார்கள். எல்லாம் நடக்கிறது. கடத்தலைப் பிடிக்கத் தனிக் காவல் பிரிவே இருக்கிறது. ஆனாலும் ஏழை யார் என்று பட்டியல் போடும்போது விடுபட்டுப்போவது எப்போதும் நிஜமான ஏழைதான். கணவனை இழந்து தனியே நிற்பவரோ, ஊர் மாறி வந்த கூலிக்காரரோ அதிகாரி முன்னால் தன் வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை என்பதற்காக அந்தக் கசிவைப் பொறுத்துக்கொள்ளலாம், கசிவை அடைக்கும் வேலையை விடாமல்.

அந்த முடிவின் பலன் 2020 ஏப்ரலில் தெரிந்தது. கொரோனா ஊரடங்கில் தினக்கூலி நின்றுபோன நாட்களில் புதிதாக யாரையும் கணக்கெடுக்க வேண்டியிருக்கவில்லை. அரிசியும் அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அதே கடை வழியாகவே போய்ச் சேர்ந்தன.

அதே ஆண்டு கடைகளுக்கு வந்த கைரேகைக் கருவி வேறொரு தொல்லையைக் கொண்டுவந்தது. வயலிலும் அடுப்படியிலும் ரேகை தேய்ந்த விரல்களை அது அடையாளம் காண்பதில்லை. இரண்டு மூன்று முறை நடந்தும் வெறுங்கையோடு திரும்பிய முதியவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கடைக்காரர்களே தராசோடும் கருவியோடும் வண்டியில் தெருவுக்கு வந்து, வாசலிலேயே அரிசியை நிறுத்துக் கொடுக்கிறார்கள்.