முத்துக் கரையின் அறிவிப்புகள்: பறையும் பீரங்கியும்

ஒலிபெருக்கியும் செய்தித்தாளும் வருவதற்கு முன் ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையை ஒலிக்கருவிகளே செய்தன. ஸ்காட்லாந்தின் பழைய நகரங்களில் நகர மன்றம் அமர்த்திய ஆள் கைமணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். சந்தைச் செய்தி முதல் இறப்புச் செய்தி வரை அவர் வாயிலிருந்தே வரும். தமிழகத்தில் அந்த வேலை தோற்கருவிக்கு வாய்த்தது. மன்னார் வளைகுடாவின் முத்துக் கரையில் பீரங்கியும் சேர்ந்துகொண்டது.

பறை அறைதல்

'பறை' என்றால் கருவி. 'பறைதல்' என்றால் சொல்லுதல். மலையாளத்திலும் யாழ்ப்பாணத் தமிழிலும் இந்த இரண்டாம் பொருள் இன்றும் வழங்குகிறது. மணிமேகலையின் முதல் காதையே 'விழாவறை காதை'. வள்ளுவர் குடியைச் சேர்ந்தவன் முரசை யானை மீது ஏற்றி, புகார் நகர் முழுவதும் இந்திர விழாவை அறிவிக்கிறான்.

யானை மீது தொடங்கிய தொழில் பிற்காலத்தில் வெறுங்காலில் தெருவுக்கு வந்தது. வரி வசூல், ஏலம், தண்ணீர் திறப்பு, திருவிழா எதுவானாலும் ஊர் அதிகாரி சொல்ல, தலித் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தப்பையோ தமுக்கோ அடித்து, "இதனால் சகலருக்கும் அறிவிப்பது" என்று கூவ வேண்டும். இதற்குப் பெயர் தண்டோரா. கூவியவர் அரசாணையைச் சொன்னார். ஆனால் அவரே பல தெருக்களில் ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது. இறப்புச் செய்தி சொல்வதும் அவர் தலையிலேயே விழுந்தது. மறுக்க வழியில்லாத பிறப்புவழிக் கடமை அது.

ஆங்கிலேயர் இந்த வழக்கத்தை மாற்றவில்லை. சட்டத்துக்குள்ளேயே கொண்டு வந்தார்கள். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், அசையாச் சொத்தைப் பற்றுகை செய்யும் ஆணையை அந்த இடத்திலோ அதன் அருகிலோ பறையடித்து, அல்லது வழக்கமான வேறு முறையில், அறிவிக்கச் சொல்கிறது (கட்டளை 21, விதி 54). தண்டோரா போடுவதைக் கைவிட்டு, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். இன்று பறை கலையாக மேடை ஏறுகிறது. அப்போதும் இப்போதும் எதிர்ப்பு கருவி மீதல்ல, கட்டாயத்தின் மீது.

கடலில் வெடிச்சத்தம்

கடலில் பறை எட்டாது. முத்துக்குளிப்பு ('சலாபம்') ஆண்டுதோறும் நடப்பதும் அல்ல. பார்களில் மாதிரிச் சிப்பி எடுத்து, அதிலுள்ள முத்தை மதிப்பிட்டு, தேறும் என்றால்தான் அரசு அறிவிக்கும். அறிவிப்பு வந்தால் தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம் எங்குமிருந்து படகுகளும் வணிகர்களும் கிளம்புவார்கள். வராவிட்டால் குளியாளுக்கு அந்த ஆண்டு முத்து வருமானம் இல்லை.

வளைகுடாவின் எதிர்க்கரையான இலங்கையின் அரிப்பில் நடந்ததை, 1803இல் வெளியான தம் நூலில் ராபர்ட் பெர்சிவல் விவரிக்கிறார். இரவு பத்து மணி அளவில் பீரங்கி முழங்கும். படகுகள் எல்லாம் ஒன்றாகக் கரைக்காற்றில் பாய் விரிக்கும். விடிந்ததும் முங்கத் தொடங்கி நண்பகல் வரை முங்குவார்கள். கடற்காற்று எழும்போது திரும்புவார்கள். படகுகள் கண்ணுக்குத் தெரிந்ததும் மீண்டும் ஒரு வெடி, கூடவே கொடியேற்றம். கரையில் காத்திருக்கும் உரிமையாளர்களுக்கு அதுவே செய்தி.

இந்த ஒழுங்குக்குக் காரணம் பணம். பங்கு பிரியும் வரை ஒரு சிப்பியும் கைமாறக் கூடாது. ஒரு படகு முன்னே போனாலும் பின்தங்கி வந்தாலும் திருட்டுக்கு இடம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் போனது. வெடிச்சத்தம் மட்டும் படகைக் கிளப்பிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' மந்திரம் ஓதாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. அந்தக் கரையில் இன்று மீனவர் எதிர்பார்க்கும் அறிவிப்பு வேறு: துறைமுகத்தில் ஏறும் புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1 முதல் 11 வரை அதற்கு எண் உண்டு. இரவில் கூண்டுக்குப் பதில் சிவப்பு, வெள்ளை விளக்குகள் ஏறும்.