நிலைத்த இருப்பு என்னும் கருத்து: பின்பால் இயந்திரங்களின் ஏல மதிப்பும் பாமோலின் வாதமும்

அரிய சேகரிப்புப் பொருள்களின் ஏல மதிப்பைக் கணிக்க முனைகிறவர் எவரும் வில்லியம் பாமோல் 1986-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரைக்கு முகம் கொடுத்தே ஆக வேண்டும். ஜெரால்டு ரைட்லிங்கர் திரட்டிய ஓவிய விற்பனைப் பதிவுகளிலிருந்து 1652 முதல் 1961 வரையிலான மறுவிற்பனைகளை அவர் எடுத்துக்கொண்டார். பணவீக்கத்தைக் கழித்தால் ஆண்டுக்குச் சராசரியாக 0.55 விழுக்காடுதான் ஆதாயம் என்று காட்டினார். அந்த எண்ணைக் காட்டிலும் அவர் சொன்ன காரணமே பின்வந்தோரைப் பிடித்துக்கொண்டது. மறைந்த ஓவியரின் படைப்புகள் இனிப் பெருகப்போவதில்லை. விலை எவ்வளவு ஏறினாலும் வரத்து கூடாது. எனவே விலையைத் தன்னிடம் இழுத்து நிறுத்தும் சமநிலைப் புள்ளி என்று ஒன்று இல்லை, இருந்தாலும் அதை எவரும் அறிய முடியாது என்பது அவர் முடிவு.

இந்த வாதத்தைப் பின்பாலுக்கு நீட்டுவது எளிதாகவே தோன்றும். 1999 அக்டோபரில் வில்லியம்ஸ் நிறுவனம் பின்பால் பிரிவை மூடியது. அன்றோடு அதன் இயந்திரங்களின் எண்ணிக்கை முடிந்த கணக்காகிவிட்டது என்றே சேகரிப்பாளர்கள் கருதினர். ‘மெடீவல் மேட்னஸ்’ 4,016, ‘அட்டாக் ஃப்ரம் மார்ஸ்’ 3,450, ‘மான்ஸ்டர் பேஷ்’ 3,361 என்ற எண்களே மதிப்பீட்டின் தொடக்கமாயின. குறைந்த எண்ணிக்கைக்குக் கூடுதல் விலை என்ற சூத்திரமும் உடன் வந்தது. இந்தச் சூத்திரத்தை மறுக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 1992-இல் வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,270 எண்ணிக்கையில் உற்பத்தியானது. அதன் காலத்தில் அதை மிஞ்சிய விற்பனை இல்லை. இன்றும் அது பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. சில நூறே தயாரான எத்தனையோ இயந்திரங்கள் அந்த விலையை எட்டியும் பார்க்கவில்லை. பாட் லாலரும் லாரி டிமாரும் அமைத்த ஆட்டத்தின் சுவைதான் அங்கே விலை பெறுகிறது.

பாமோலை மறுப்பது இத்தனை எளிதல்ல. அவர் பேசியது எண்ணிக்கையைப் பற்றியல்ல, எண்ணிக்கை அசையாமல் நிற்பதைப் பற்றி. இங்கேதான் ‘பிக் பேங் பார்’ என்ற ஒரே இயந்திரத்திடம் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது.

ராப் மாரிசன் வடிவமைத்த இதைக் கேப்காம் 1996-இல் உருவாக்கியது. பெருமளவு உற்பத்திக்குப் போகுமுன் நிறுவனம் பின்பால் தொழிலையே கைவிட்டது. 14 முன்மாதிரிகள் மிஞ்சின என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. முன்மாதிரிகளின் எண்ணிக்கை எப்போதும் நினைவையும் வாய்மொழியையும் நம்பியே நிற்பதால், அதை உறுதியான எண்ணாக நான் கொள்ளவில்லை. பாமோலின் இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது: தயாரித்தவர் தொழிலை விட்டாயிற்று, பொருள் பத்துப் பதினான்கு. ஆனால் சுமார் பத்தாண்டுகள் கழித்து, இல்லினாய் மாநிலத்து உதிரிபாக வணிகர் ஒருவர் உரிமையைப் பெற்று ஏறத்தாழ 190 இயந்திரங்களைப் புதிதாகக் கட்டினார். துல்லியமான எண்ணிக்கையில் பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. முன்பதிவு செய்தோருக்கு விலை 4,500 டாலர். கைக்கு வந்ததுமே மறுவிற்பனையில் அது பன்மடங்காயிற்று.

இந்த 190-ஐ எந்த வகையில் சேர்ப்பது? நகல் என்றால், எதன் நகல்? சந்தைக்கு முறையாக வந்த மூலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதே ஆடுதளம், அதே ஓவியம், அதே விதிகள். இவற்றை இரண்டாம் உற்பத்தி என்றே கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அப்படிக் கொண்டால் இருப்பு பதின்மடங்குக்கு மேல் பெருகியது என்றாகிறது. பாமோலின் கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை. பின்பாலில் வரத்து அசையும். மெதுவாக, பத்தாண்டு தாமதத்தோடு, ஆனாலும் விலையின் தூண்டுதலால் அசையும். ஓவியங்களை மட்டுமே விட்டுச் சென்ற ஓவியருக்கும் வரைபடங்களையும் மென்பொருளையும் உரிமையையும் விட்டுச் சென்ற தொழிற்சாலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மறுதயாரிப்பு விலைக்கு ஒரு கூரை போடுகிறது என்பது இதிலிருந்து பிறக்கும் கருதுகோள். பிரையன் எடி 1997-இல் தந்த ‘மெடீவல் மேட்னஸ்’ ஒருகாலத்தில் 10,000 டாலரைத் தாண்டியது. 2013-இல் மறுதயாரிப்பு அறிவிக்கப்பட்டது. 2015-இல் சிகாகோ கேமிங் நிறுவனத்தின் இயந்திரங்கள் வீடுகளுக்கு வந்தன. மூல இயந்திரத்தின் விலை தளர்ந்தது, ஆனால் சரிந்து விழவில்லை. மறுதயாரிப்பில் எல்இடி விளக்குகள், புதிய மின்னணுப் பலகை, பெரிய திரை எல்லாம் உண்டு. ஆடுவதற்கு அதுவே மேல் என்போர் பலர். இருந்தும் ‘1997’ என்ற ஆண்டுக்குத் தனியே பணம் கொடுக்க ஆள் இருக்கிறது.

விலைத் தளர்ச்சி அறிவிப்போடு தொடங்கியதா, வரவோடு தொடங்கியதா? பெரும்பாலான கைமாற்றங்கள் தனியார் வீடுகளில், பதிவின்றி நடப்பவை. ஆண்டைக் குறித்துச் சொல்ல அவை போதா. ஆயினும் அறிவிப்பே காரணம் என்று வலியுறுத்துவேன். 2014-இல் 10,000 டாலர் கொடுக்க நின்றவர், ஏறக்குறைய 8,000 டாலருக்குப் புதியது வரப்போகிறது என்று அறிந்தே நின்றார். அவர் கை தயங்காமல் இருந்திருக்க முடியாது.

2021 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பேனிங் நகரத்துப் பின்பால் அருங்காட்சியகம் மூடப்பட்டு, அதன் பெருந்தொகுப்பு ஏலத்துக்கு வந்தது. அத்தனை இயந்திரங்கள் ஒருசேர வந்தால் விலை குறைய வேண்டும். ஆனால் பலவற்றுக்கு விலை வழக்கத்தைவிட உயர்ந்தது. பாமோலின் பக்கம் நிற்போர் இதையே சான்றாகக் காட்டலாம். என் வாசிப்பு வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டு விளையாட்டுப் பொருள்கள் அனைத்துக்குமே கேட்பு பெருகியிருந்தது. அருங்காட்சியகத்திலிருந்து வந்த பொருள் என்ற பெருமைக்கும் ஒரு விலை விழுந்தது. ஏலத் தொகையோடு வாங்குவோர் கட்டணமும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையை ஏற்றிச் செல்லும் செலவும் சேருமிடத்தில், கூவிய தொகையை மட்டும் பழைய தனியார் விற்பனைகளோடு ஒப்பிடுவது கணக்கையே குழப்பும். அந்த ஏலத்தின் தொகைகளை அடிப்படை மதிப்பாக வைப்பதை நான் ஏற்கவில்லை.

மறுதயாரிப்பு விலைக்குக் கூரை போடுகிறது என்ற கருதுகோளைச் சோதிக்கத் தக்க களம் ‘கேக்டஸ் கேன்யன்’. 1998-இல் 903 மட்டுமே வெளிவந்தது. விதிகள் முழுமை பெறுமுன்பே உற்பத்தி நின்றது. 2021-இல் அறிவிக்கப்பட்ட மறுதயாரிப்பில் அவ்விதிகளை நிறைவு செய்யும் முயற்சியும் உண்டு. மூலமே குறைபட்டது, மறுதயாரிப்பே முழுமையானது என்ற இந்த நிலையில், அந்த 903-க்கும் ‘1998’ என்ற ஆண்டுக்கான கூடுதல் தொகை நிற்குமானால், நான் சொன்ன கூரையின் உயரத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.