சாஃப்டியில் அதிகாரிப் பயிற்சி: உயர்நிலைப் பள்ளி முடிக்கும் நீங்கள் உண்மையில் எதை முடிவு செய்ய வேண்டும்?

ஜூ கூன் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து அப்பர் ஜூரோங் ரோட்டுப் பக்கம் போனால், மரங்களுக்கு மேலே ஓர் உயரமான கோபுரம் தெரியும். சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகம் அங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூர் ஆயுதப் படையின் அதிகாரிகள் பயிற்சி பெறும் ஓசிஎஸ் பள்ளியும் அதே வளாகத்தில்தான். ஜூரோங் வெஸ்ட்டில் வளர்ந்த பிள்ளைகள் பேருந்து ஜன்னல் வழியாக இந்த இடத்தை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள்.

சாதாரண நிலைத் தேர்வு நெருங்கும்போது பேச்சு தொடங்கிவிடும். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் மாமா, "ஆபீசரா போயிடுடா, பிறகு எந்த வேலைக்கும் கேட்டுக் கேள்வி இல்லாம எடுத்துக்குவான்" என்பார். அம்மாவுக்கோ பயம். அண்ணன் ஒருவர், "வேணாம்டா, அம்பது வயசு வரைக்கும் கூப்பிடுவான்" என்று எச்சரிப்பார். மூன்று பேரும் பேசுவது ஒரே விஷயத்தைப் பற்றியா என்றால், இல்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதிகாரி ஆவதில் இரண்டு தனித்தனிக் கதவுகள் உண்டு. ஒன்று, தேசிய சேவை செய்யும்போது அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்படுவது. மற்றொன்று, ராணுவத்தையே வேலையாக எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. நாம் பேச்சுவழக்கில் "சைன் ஆன்" என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான். முதல் கதவை நீங்களாகத் திறக்க முடியாது. இரண்டாவதை நீங்கள்தான் திறக்க வேண்டும், அதுவும் அவசரமில்லாமல்.

யூடியூபில் பார்த்தது நமக்குப் பொருந்துமா?

ஒரு சின்ன எச்சரிக்கை. "பள்ளி முடித்ததும் ராணுவ அதிகாரி ஆவது எப்படி" என்று தமிழில் தேடினால் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை இந்தியாவைப் பற்றியவை. அங்கே கட்டாய ராணுவ சேவை கிடையாது. பதினாறரை வயதிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் தேசியத் தற்காப்புக் கழகத் தேர்வை எழுதி, பிறகு ஐந்து நாள் நேர்முகத் தேர்வைத் தாண்ட வேண்டும். சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் வழக்கமான பாதைக்குப் பட்டப்படிப்பே தேவை. அங்குள்ள உங்கள் சித்தப்பா பையன் 17 வயதில் விண்ணப்பம் போட்டுத்தான் ஆக வேண்டும். இங்கே ஓசிஎஸ்ஸுக்கு ஒரு தேசிய சேவையாளர் நிரப்ப விண்ணப்பப் படிவமே இல்லை.

தேர்வு எப்படி நடக்கிறது?

பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி அழைப்பு வரும். தொடக்கக் கல்லூரி அல்லது பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை சேவையைப் பொதுவாக ஒத்திவைக்கலாம். பெற்றோர் சம்மதத்துடன் முன்கூட்டியே சேரவும் வழி உண்டு. மருத்துவப் பரிசோதனை முடிந்து, பெரும்பாலோர் தேக்கோங் தீவுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சிக்குப் போவார்கள். உடல்தகுதி உள்ளவர்களுக்கு அது 9 வாரம்.

அந்த 9 வாரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது. துப்பாக்கி சுடுதல், உடற்தகுதிச் சோதனை, களப்பயிற்சி எல்லாவற்றிலும் உங்களைப் பார்ப்பார்கள். இவை போக இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சிட் டெஸ்ட் எனப்படும் சூழ்நிலைச் சோதனை. ஒரு சின்னக் குழுவுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, ஒவ்வொருவரையும் மாறி மாறித் தலைவராக்குவார்கள். கயிறும் பலகையும் வைத்து எதையோ கடக்கச் சொல்வார்கள். நீங்கள் கடந்தீர்களா என்பதைவிட, தூக்கம் இல்லாத, எரிச்சலான, மழையில் நனைந்த ஏழெட்டுப் பேரை எப்படி நடத்தினீர்கள் என்பதே முக்கியம்.

மற்றொன்று, சக வீரர்களின் மதிப்பீடு. உங்களோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கியவர்கள் உங்களைப் பற்றி எழுதுவார்கள். சார்ஜண்ட் வரும்போது மட்டும் ஓடி ஓடி வேலை செய்பவனை இங்கே "வாயாங்" என்பார்கள். மேலதிகாரியிடம் வாயாங் எடுபடலாம். பக்கத்துக் கட்டில்காரனிடம் எடுபடாது.

தேர்வு பெறுபவர்களில் சிலர் அதிகாரிப் பயிற்சிக்கும், சிலர் சார்ஜண்டுகளாகும் ஸ்பெஷலிஸ்ட் கேடட் பயிற்சிக்கும் போவார்கள். சார்ஜண்ட் பயிற்சியும் ஜூரோங்கில்தான், பாசிர் லாபா முகாமில். அது சுமார் 22 வாரம். தரைப்படை அதிகாரிப் பயிற்சி 38 வாரம். உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் விருப்பம் வேறு, தேர்வு வேறு. "ஆபீசராகணும்" என்று அப்பா அழுத்தம் கொடுத்து, அது கிடைக்காமல் போனால் அதைத் தோல்வியாக நினைத்து மருகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர் இந்தப் பத்தியைப் படித்தால் நல்லது.

ஏன் ஜூரோங்?

சுதந்திரம் கிடைத்த 1965இல் நம்மிடம் இருந்த ராணுவம் மிகச் சிறியது. வீரர்களைத் திரட்டுவதற்கு முன்னால் அவர்களை வழிநடத்த ஆட்கள் வேண்டும். அதனால் 1966இல் பாசிர் லாபாவில் சாஃப்டி தொடங்கப்பட்டது. இஸ்ரேலிய ஆலோசகர்கள் வந்து உதவினார்கள், வெளியே அவர்களை "மெக்சிகோகாரர்கள்" என்று சொல்லிக்கொண்டார்கள். 1967 ஜூலையில் முதல் தொகுதியாக 117 அதிகாரிகள் நியமனம் பெற்றார்கள். முதல் முழுநேரத் தேசிய சேவையாளர்கள் முகாமுக்குள் வந்தது அதற்கு அடுத்த மாதம். அதிகாரி முதலில், வீரர் பிறகு என்பது அன்றே இருந்த கணக்கு. இன்றைய வளாகம் 1995இல் திறக்கப்பட்டது.

சாஃப்டியை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கிர்பா ராம் விஜ். 1970 முதல் 1974 வரை நம் ராணுவத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் அவர்தான். 2011இல் தரைப்படைத் தலைவரானவர் ரவீந்தர் சிங். "நம்ம ஆளுங்களுக்கு மேலே போக முடியுமா" என்று கேட்கும் பாட்டிக்கு இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

38 வாரம் என்றால் என்ன?

தரைப்படை, ஆகாயப்படை, கடற்படை, மின்னிலக்க, உளவுத்துறைப் படை என்று எல்லாப் பிரிவு கேடட்டுகளும் முதலில் சேர்ந்து பயிற்சியைத் தொடங்குவார்கள். பிறகு பிரிந்து தத்தம் துறைக்குப் போவார்கள். மின்னிலக்க, உளவுத்துறைப் படை 2022 அக்டோபரில்தான் உருவானது. கணினியில் ஆர்வம் உள்ளவர்கள் அதைக் கவனியுங்கள்.

தரைப்படை கேடட்டுகளின் பேச்சில் தவறாமல் வரும் ஒன்று, புரூணைக் காட்டில் நடக்கும் பயிற்சி. வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு மலை ஏறி இறங்க வேண்டும், கையில் இருக்கும் கொஞ்ச உணவில் நாட்களை ஓட்ட வேண்டும். அதைவிடக் கஷ்டமானது எது தெரியுமா? உத்தரவு தயாரிப்பது. ராத்திரி முழுக்க நடந்துவிட்டு, விடியற்காலையில் களிமண்ணில் ஒரு மாதிரி நிலப்பரப்பு செய்து, முப்பது பேருக்கு முன்னால் தெளிவாகத் திட்டத்தை விளக்க வேண்டும். உடம்பு தாங்கும், மூளைதான் மறுக்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு முகாமில் சைவ உணவு உண்டு. பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கும். அணிவகுப்பு உத்தரவுகள் மலாயில் வரும். "செடியா" என்றால் நேராக நிற்க வேண்டும், "செனாங் டிரி" என்றால் கொஞ்சம் தளரலாம்.

ஓசிஎஸ்ஸுக்குள் போனவர்கள் எல்லாரும் அதிகாரியாக வெளியே வருவதில்லை. காயம், தேர்ச்சியின்மை, ஒழுங்கு மீறல் என்று பல காரணங்களுக்காகப் பாதியில் விலக்கப்படுவோர் உண்டு. பேச்சுவழக்கில் அதை ஓஓசி என்பார்கள். அவர்கள் சார்ஜண்ட் பயிற்சிக்கோ வேறு பொறுப்புக்கோ மாற்றப்படலாம். நேர்மை தொடர்பான குற்றத்துக்கு மன்னிப்பு கிடைப்பது அரிது. ஒரு சின்னப் பொய் போதும்.

அதிகாரி ஆன பிறகு?

"அதிகாரின்னா ரெண்டரை வருஷம்" என்று சொல்லும் மாமாவை நம்ப வேண்டாம். அது பழைய கதை. அந்த இரண்டரை ஆண்டு முறை 2004இல் மாறியது. இப்போது எல்லாருக்கும் 24 மாதம்தான். சேருவதற்கு முன்பே உடற்தகுதித் தேர்வில் வெள்ளி நிலையை எட்டினால் அதில் ஏறக்குறைய 2 மாதம் குறையும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைப் பயிற்சி 9 வாரம், ஓசிஎஸ் 38 வாரம். ஏறக்குறைய 11 மாதம் பயிற்சியிலேயே போய்விடும். மீதி இருப்பது சுமார் ஓராண்டு. அந்த ஓராண்டில் 19, 20 வயதில் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட ஒரு பிளட்டூனை நடத்துவீர்கள். அவர்களில் சிலர் உங்களைவிட வயதில் மூத்தவர்கள். ஒருவனுக்கு வீட்டில் கடன் பிரச்சினை இருக்கும். இன்னொருவனுக்குக் காதல் முறிந்திருக்கும். வெயிலில் ஒருவன் தள்ளாடும்போது அணிவகுப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று உடனே சொல்ல வேண்டியவர் நீங்கள். பயிற்சியின்போது வீரர்கள் உயிரிழந்த சம்பவங்களுக்குப் பிறகு, பாதுகாப்பைக் கண்காணிக்க 2019இல் ஆயுதப் படையில் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது. விதிகள் கூடியிருக்கின்றன. ஆனாலும் களத்தில் முதலில் பார்ப்பது பிளட்டூன் தலைவரின் கண்தான். மாமா சொல்லும் "நல்ல வேலை" பேச்சில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

அண்ணன் சொன்னது மட்டும் உண்மை. முழுநேரச் சேவை முடிந்ததும் நீங்கள் போர்க்காலப் படைவீரர். மற்றவர்களுக்குச் சட்டப்படியான கடமை 40 வயது வரை, அதிகாரிகளுக்கு 50 வரை. ஓர் ஆண்டில் அதிகபட்சம் 40 நாள் வரை அழைக்கலாம். எல்லா ஆண்டும் 40 நாள் அழைப்பார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் அதிகாரிகளுக்குத் திட்டமிடும் வேலை முன்னதாகவே தொடங்கிவிடும். 35 வயதில், கைக்குழந்தையோடு, அலுவலகத்தில் முக்கியமான திட்டம் ஓடும்போது பச்சைச் சீருடையை எடுத்து மாட்ட வேண்டியிருக்கும். 17 வயதில் இது தூரமாகத் தெரியும்.

சைன் ஆன் செய்வதா?

உங்கள் கையில் இருக்கும் முடிவு இதுதான். சைன் ஆன் செய்தால் முழுச் சம்பளம், பதவி உயர்வு, படிக்க உபகாரச் சம்பளம் எல்லாம் உண்டு. 1971இல் தொடங்கிய ஆயுதப் படை வெளிநாட்டு உபகாரச் சம்பளம் இவற்றில் புகழ்பெற்றது, போட்டியும் கடுமை. விமானியாக வேண்டும் என்றால் சைன் ஆன் செய்யாமல் முடியாது.

பதிலுக்கு, படித்த பிறகு பல ஆண்டு கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும். நடுவில் விலகினால் உபகாரச் சம்பளத் தொகையை இழப்பீடாகக் கட்ட வேண்டும். அது சின்னத் தொகை அல்ல, உத்தரவாதம் கொடுத்த பெற்றோரையும் தொடும். இன்னொன்று, ராணுவ அதிகாரி வேலை 62, 63 வயது வரை போகாது. நடுத்தர வயதிலேயே இரண்டாவது வேலையைத் தேட வேண்டியிருக்கும். அதற்கென்றே ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது. சிலருக்கு அது வரம், சிலருக்குத் திகைப்பு.

என் கருத்தைக் கேட்டால், 16 வயதில் கையெழுத்துப் போடத் துடிக்காதீர்கள். தேக்கோங்குக்குப் போய், ஓசிஎஸ் கிடைத்தால் அதன் நடுவில், உங்களுக்கு இது பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்போதும் கதவு திறந்தே இருக்கும். பணத் தேவை இருக்கும் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சைன் ஆன் செய்வது நியாயமான வழிதான், அதில் தவறில்லை. அப்படியானால் எத்தனை ஆண்டு, எந்தப் பிரிவு, விலகினால் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்து நிதானமாகப் படியுங்கள். ஆள்சேர்ப்பு அதிகாரி அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம்.

பெண்கள்?

உங்களுக்குத் தேசிய சேவை கட்டாயமில்லை. அதனால் முதல் கதவு உங்களுக்கு இல்லை, நேராக இரண்டாவதுதான். ருசி பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வாய்ப்பு ஆண்களுக்குக் கிடைப்பதுபோல் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே பள்ளியில் என்சிசி போன்ற சீருடைக் குழுவில் சேர்ந்து பார்ப்பது உங்களுக்கு இன்னும் பயனுள்ளது. 2014இல் தொடங்கிய ஆயுதப் படைத் தொண்டூழியர் பிரிவும் இருக்கிறது, அதில் 18 வயது ஆனதும் சேரலாம். 2015இல் கான் சியாவ் ஹுவாங் நாட்டின் முதல் பெண் ஜெனரல் ஆனார்.

ராணுவத்துக்கே போகாவிட்டால்?

தேசிய சேவை என்றால் ராணுவம் மட்டுமல்ல. சிலரைக் காவல்துறைக்கும் சிலரைக் குடிமைத் தற்காப்புப் படைக்கும் அனுப்புவார்கள். குடிமைத் தற்காப்புப் பயிற்சிக் கழகம் ஜாலான் பஹாரில் இருக்கிறது, அதுவும் ஜூரோங்தான். அங்கேயும் தேசிய சேவையாளர்களிலிருந்து அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் உங்களைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், விண்ணப்பத்தைப் பார்த்து அல்ல.

இப்போதைக்கு உயர்நிலை நான்கில் இருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை விடாமல் ஓடுங்கள். மருத்துவப் பரிசோதனையில் ஆஸ்துமாவோ முதுகுவலியோ இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதிகாரியாகும் ஆசையில் மறைத்தால், களத்தில் அவதிப்படப் போவது உங்கள் உடம்பு. உடன் படித்துவிட்டு இப்போது சேவையில் இருக்கும் ஓர் அண்ணன் கிடைத்தால், வார இறுதியில் லிட்டில் இந்தியாவில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, "எந்த நாள் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். "ஆபீசர் நல்லாயிருக்குமா?" என்று கேட்பதைவிட அதற்கு வரும் பதில் நீளமாக இருக்கும்.