பிழை 37: டையாப்லோ 3 எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன?

2012 மே 15. பன்னிரண்டு வருடமாக ஆட்கள் காத்திருந்த கேம் ஒன்று வெளியாகிறது. தென்கொரியாவின் சியோலில், வாங்சிம்னி என்ற இடத்தில், அதை வாங்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அமெரிக்காவில் கடைகள் நள்ளிரவில் திறந்தன. வாங்கியவர்கள் வீட்டுக்கு ஓடிப்போய், கேமை ஏற்றி, கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். திரையில் வந்தது ஒரு சின்னப் பெட்டி: பிழை 37. சேர்வர்களில் நெரிசல், பிறகு முயலுங்கள்.

தனியாக விளையாட வந்தவருக்கும் அதே பதில்தான். நண்பர்கள் வேண்டாம், சந்தை வேண்டாம், நானும் என்ர கணினியும் போதும் எண்டு சொன்னவரும் கலிபோர்னியாக் கொம்பனி ஒன்றின் வாசலில் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது.

டையாப்லோ 3 விற்பனையில் தோற்ற கேம் அல்ல. முதல் 24 மணித்தியாலத்தில் 35 இலட்சம் பிரதிகள், முதல் வாரத்தில் 63 இலட்சம், 2015 அளவில் 3 கோடி. இருந்தும் வீடியோ கேம் வரலாற்றில் பெரிய ஏமாற்றங்களைப் பட்டியல் போடுபவர்கள் இதன் பெயரைத் தவறவிடுவதில்லை. இவ்வளவு விற்ற ஒன்று எப்படி ஏமாற்றமானது? மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை நாங்கள் ஏன் எழுத வேண்டும்? இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது.

பாத்திரம் ஏற்பது எங்களுக்குப் புதிதா?

இந்த வகைக் கேம்களை அக்சன் ஆர்பிஜி என்பார்கள். ஒரு பாத்திரத்தைத் தெரிவுசெய்து, அதற்குள் புகுந்து, சண்டை போட்டு, படிப்படியாக வலிமை பெறுவது. இது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் எண்டு நினைக்க வேண்டாம். வாவியின் இரு கரையிலும் உள்ள ஊர்களில் கூத்துப் பழகும் முறையை நினைத்துப் பாருங்கள். அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, உனக்கு அருச்சுனன், உனக்குத் துரியோதனன் எண்டு சட்டம் கொடுப்பார். மறுகா மாதக்கணக்கில் பழக்கம். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், கடைசியில் விடிய விடிய அரங்கேற்றம். பகலில் வயலில் நின்றவர் இரவில் வடமோடி அரசனாகக் களரியில் நிற்பார். ஒவ்வொரு கட்டத்தையும் தாண்டித்தான் அடுத்த கட்டம். ஆர்பிஜி பேசும் மொழியில் சொன்னால், லெவல் ஏறுவது.

வித்தியாசம் ஒன்று உண்டு. அண்ணாவியாரின் கொப்பி ஊருக்குள்ளேயே இருந்தது. மத்தளமும் சல்லரியும் ஊருக்குள்ளேயே இருந்தன. ஆடுவதா இல்லையா என்பதை ஊரே முடிவு செய்தது. கூத்தை நாங்கள் புனிதமாக்கவும் வரவில்லை. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடியதும், சாதி பார்த்துக் களரி பிரிந்ததும் அந்த வரலாற்றின் பகுதிதான். ஆனால் அந்தக் குறைகளோடு சண்டை பிடிக்க எங்களால் முடிந்தது, ஏனென்றால் களரி எங்கட கையில் இருந்தது. டையாப்லோவின் கதையில் கை மாறியது அந்தக் களரிதான்.

முன்கதை

முதல் டையாப்லோ 1996இன் கடைசி நாட்களில் வெளிவந்தது. செய்தவர்கள் டேவிட் பிரெவிக், மெக்ஸ் ஷேஃபர், எரிக் ஷேஃபர் ஆகியோர் கலிபோர்னியாவில் தொடங்கிய கொண்டோர் என்ற சிறிய குழு. பிளிசார்ட் கொம்பனி அதை வாங்கி பிளிசார்ட் நோர்த் எண்டு பெயர் மாற்றியது. பிரெவிக் முதலில் திட்டமிட்டது சதுரங்கம் மாதிரி, ஆளுக்கொரு முறை நகரும் கேம். பிளிசார்ட் வற்புறுத்தியதால் அதை நிகழ்நேரச் சண்டையாக மாற்றினார்கள். கிளிக் பண்ணினால் அடி விழும். அரக்கன் செத்தால் நிலத்தில் ஏதாவது விழும்: ஒரு வாள், ஒரு மோதிரம், சில நேரம் ஒண்டுக்கும் உதவாத தொப்பி. அடுத்தது என்ன விழும் என்ற ஆவல்தான் இந்தக் கேமின் உயிர்.

2000 ஜூனில் டையாப்லோ 2. இதில் மூன்று வழியில் விளையாடலாம். தனியாக, இணையமே இல்லாமல். ஒரு வயரால் இணைத்த நாலைந்து கணினிகளில், ஒரே அறைக்குள். அல்லது பிளிசார்டின் இலவச இணையச் சேவையில். வீட்டுக்கு இணைய இணைப்பு என்பது எட்டாக்கனியாக இருந்த காலத்தில், இப்படி ஒரு சீடி ஒரு ஊருக்கே போதும்.

இணையத்தில் விளையாடியவர்களுக்கு வேறு தலையிடி இருந்தது. சிலர் கள்ள வழியில் அபூர்வப் பொருட்களைப் பிரதி எடுத்தார்கள். வெளித் தளங்களில் உண்மைக் காசுக்கு விற்றார்கள், பலர் ஏமாந்தார்கள். பிளிசார்ட் இதைக் குறித்துக்கொண்டது. அதற்கிடையில் 2003இல் பழைய தலைகள் வெளியேறின, 2005இல் பிளிசார்ட் நோர்த் மூடப்பட்டது. 2008 ஜூனில் பாரிஸ் விழாவொன்றில் டையாப்லோ 3 அறிவிக்கப்பட்டபோது, கேம் வேறு ஆட்களின் கையில், ஜே வில்சன் தலைமையில் இருந்தது.

ஏலக்கூடம்

புதிய கேமில் இரண்டு பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டன. முதலாவது, எப்போதும் இணையம். தனி விளையாட்டும் இல்லை, வயர் இணைப்பும் இல்லை. இரண்டாவது, ஏலக்கூடம். வெளியே நடக்கும் கள்ளச் சந்தையை உள்ளே கொண்டுவந்து, கொம்பனியே நடத்துவது. கேமுக்குள் கிடைக்கும் தங்கத்துக்கு ஒரு ஏலக்கூடம், உண்மை டொலருக்கு இன்னொன்று. டொலர் ஏலக்கூடம் அமெரிக்காவில் 2012 ஜூன் 12 திறந்தது. வாளோ கவசமோ விற்றால் கொம்பனிக்கு 1 டொலர். விற்ற காசைப் பேபால் வழியாக வெளியே எடுத்தால் இன்னுமொரு 15 வீதம். ஒரு பொருளின் உச்ச விலை 250 டொலர்.

இலங்கையில் இருந்து பார்த்தால் இது இன்னும் வேடிக்கை. இங்கிருந்து பேபாலில் காசு கட்டலாம், பெற முடியாது என்பது நெடுநாள் முறைப்பாடு. அதாவது அந்தச் சந்தையில் எங்களுக்கு ஒதுக்கிய பாத்திரம் வாங்குபவர் மட்டுமே. கேமின் விலையே 60 டொலர், அன்றைய கணக்கில் ஏழாயிரம் ரூபாவுக்கு மேல்.

ஆனால் பெரிய சேதம் காசில் அல்ல, விளையாட்டில் நடந்தது. கேமின் உச்சக் கட்டமான இன்ஃபெர்னோவில் அரக்கர்கள் இரண்டு அடியில் ஆளை முடித்தார்கள். அவர்களை வெல்ல நல்ல ஆயுதம் வேண்டும். விழும் பொருட்களோ பெரும்பாலும் குப்பை, அல்லது வேறு பாத்திரத்துக்கு உரியவை. நீங்கள் மந்திரவாதியாக ஆடினால் மல்லனின் கோடரி விழும். ஏலக்கூடத்தில் பத்து நிமிடம் தேடினால், பத்து நாள் விளையாடிக் கிடைக்காதது கிடைத்துவிடும். அதனால் எல்லோரும் அங்கே போனார்கள். அரக்கனைக் கொன்று என்ன விழுகிறது எண்டு பார்ப்பதுதானே இந்தக் கேமின் உயிர்? அந்த உயிரைச் சந்தை உறிஞ்சிவிட்டது. வலைபோட்டு மீன் பிடிக்கும் சந்தோஷத்துக்காக வாவிக்குப் போனவரிடம், கரையில் கடை இருக்கு, அங்கே வாங்கிக்கொள் எண்டு சொன்ன மாதிரி.

கொரியாவில் விளைவு வேறு விதம். டொலர் ஏலக்கூடம் அங்கே அனுமதிக்கப்படவில்லை. சேர்வர்கள் விழுந்து விழுந்து எழும்ப, முறைப்பாடுகள் குவிந்தன. அந்நாட்டு நியாய வர்த்தக ஆணைக்குழு 2012 மே மாதம் பிளிசார்டின் உள்ளூர் அலுவலகத்தைச் சோதனையிட்டது. மறுகா லெவல் 40ஐத் தாண்டாதவர்களுக்குக் காசைத் திருப்பித்தர கொம்பனி முன்வந்தது. சட்டமும் கேட்கும் ஆட்களும் இருக்கும் நாட்டில் வாடிக்கையாளருக்கு இப்படியும் ஒரு வழி பிறக்கும்.

திரும்பி வந்ததும் வராததும்

2013 மார்ச்சில், அப்போது திட்டத்தை விட்டு விலகியிருந்த ஜே வில்சன், ஏலக்கூடங்கள் கேமை உண்மையிலேயே பாதித்துவிட்டன எண்டு கேம் உருவாக்குநர் மாநாட்டில் ஒப்புக்கொண்டார். சிலர்தான் பயன்படுத்துவார்கள் எண்டு எதிர்பார்த்தார்களாம், கிட்டத்தட்ட எல்லோரும் பயன்படுத்தினார்கள். அதே வருடம் மே மாதம், ஒரு திருத்தத்தோடு வந்த ஓட்டையால் சிலர் கேம் தங்கத்தைக் கோடி கோடியாகப் பெருக்க, ஏலக்கூடத்தை அவசரமாக நிறுத்த வேண்டி வந்தது. எப்போதும் இணையம் வேண்டும் என்பதற்குச் சொன்ன பெரிய காரணமே, கள்ளப் பிரதியைத் தடுப்பதுதான்!

2014 மார்ச் 18 ஏலக்கூடங்கள் மூடப்பட்டன. ஜோஷ் மொஸ்கெய்ரா தலைமையில் பொருட்கள் விழும் முறை முழுக்க மாற்றப்பட்டது. குறைவாக விழும், ஆனால் உங்கட பாத்திரத்துக்குப் பொருந்துவதாக விழும். ஒரு வாரம் கழித்து வந்த ரீப்பர் ஒஃப் சோல்ஸ் என்ற விரிவாக்கத்தோடு பலர் திரும்பி வந்தார்கள். கேம் நன்றாகிவிட்டது, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எடுத்த இரண்டில் ஒன்றைத்தான் திருப்பித் தந்தார்கள். கணினியில் டையாப்லோ 3 இணையம் இல்லாமல் ஓடவில்லை. இதில் விசித்திரம், 2013 செப்டெம்பரில் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பொக்ஸ் 360க்கும் வந்த அதே கேம் இணையம் இல்லாமல் ஓடியது. ஏலக்கூடமும் அதில் இல்லை. நாலு பேர் ஒரு ரீவிக்கு முன்னால் இருந்து ஆடலாம். ஆக, முடியாது என்பதல்ல, விரும்பவில்லை என்பதே உண்மை. 2023இல் வந்த டையாப்லோ 4 எல்லாக் கருவியிலும் இணையம் கேட்கிறது.

வேறு வழி இருந்ததையும் காட்டியவர்கள் உண்டு. அதே ஷேஃபர் சகோதரர்கள், தாங்கள் சேர்ந்து தொடங்கிய ரூனிக் என்ற சின்ன நிறுவனத்தில் இருந்து 2012 செப்டெம்பரில் டோர்ச்லைட் 2ஐ வெளியிட்டார்கள். விலை 20 டொலர். தனியாக ஆடலாம், ஒரே அறைக்குள் இணைத்து ஆடலாம், இணையத்திலும் ஆடலாம். இடையில் அவர்கள் பட்ட அடி ஒன்றும் உண்டு. 2007இல் அவர்கள் ஃபிளாக்ஷிப் நிறுவனத்தில் செய்த ஹெல்கேட்: லண்டன் பெரிய எதிர்பார்ப்போடு வந்து, பிழைகளாலும் சந்தாக் குழப்பத்தாலும் விழுந்தது. 2009 ஜனவரி 31 அமெரிக்க, ஐரோப்பிய சேர்வர்கள் அணைந்தன. ஆனாலும் தட்டு வைத்திருந்தவர்கள் தனியாக விளையாடினார்கள், ஏனென்றால் அந்த வழி உள்ளே இருந்தது. 2022 மார்ச்சில் வந்த பபிலோன்ஸ் ஃபோல் அப்படி அல்ல. ஒரு வருடம்கூட நிறையாமல், 2023 பெப்ரவரி 27 சேர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கையில் இப்போது ஒண்டுமில்லை.

கொம்பு முறிந்த பிறகு

எங்கட பக்கத்தில் கொம்பு முறித்தல் எண்டு ஒரு விளையாட்டு இருக்கிறது. கண்ணகி அம்மனை நினைத்து ஆடுவது. ஊர் வடசேரி, தென்சேரி எண்டு இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றில் ஒன்று மாட்டி, கயிறு கட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். எது முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. முறிந்த கொம்போடு விளையாட்டு செத்துப்போவதில்லை. அடுத்த முறைக்கு வேறு கொம்பு வெட்டுவார்கள். போர்க்காலத்தில் பல களரிகள் இருண்டு கிடந்தன, ஆனாலும் தெரிந்தவர் உயிரோடு இருந்த ஊரில் மறுபடி தொடங்க முடிந்தது.

சேர்வரில் மட்டும் வாழும் கேமுக்கு அந்த வசதி இல்லை. இது எங்களைப் போன்ற இடங்களைத்தான் முதலில் வெட்டும். மாரியில் வாவி பெருகி முகத்துவாரம் வெட்டும் நாட்களில் கறண்டும் சிக்னலும் போவது எங்களுக்குப் புதினமில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் மின்வெட்டு. மடிக்கணினியில் பற்றரி இருந்தாலும், ரவுட்டர் அணைந்தால் இந்தக் கேமும் அணையும். எப்போதும் இணையம் என்ற முடிவை எடுத்தவர்களின் மனதில் இருந்த வீடு எங்கட வீடு அல்ல.

உலகத்தில் இப்போது இதற்கு எதிர்க்குரல் எழும்பியிருக்கிறது. 2024இல் ரோஸ் ஸ்கொட் என்பவர் தொடங்கிய கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்ற இயக்கத்துக்கு, 2025 ஜூலையில் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. கேட்பது சின்ன விடயம்தான்: கடையை மூடும்போது, வாங்கியவர் தொடர்ந்து ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ.

வந்தாறுமூலையில் கணினி படிப்பவர்களும் கல்லடியில் விபுலாநந்த நிறுவகத்தில் கூத்துப் படிப்பவர்களும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஒரு நாள் கண்ணகியையோ இராவணனையோ வைத்து இங்கிருந்து ஒரு கேம் வரும் எண்டு நாங்கள் நம்புகிறோம். செய்பவர்களிடம் இப்போதே ஒரு வேண்டுகோள்: ஒரு பென்டிரைவில் போட்டு அடுத்த வீட்டுப் பொடியனுக்குக் கொடுக்கக்கூடியதாகச் செய்யுங்கள். வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த கேமுக்குக் காசு கட்டும் முன், படம் எப்படி, சண்டை எப்படி எண்டு கேட்பதோடு இதையும் கேளுங்கள்: ரவுட்டரை அணைத்தால் இது ஓடுமா?