பன்முகத்தை அளக்க எந்தக் கோல்?

2005ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் பாரிஸ் நகரில் நடந்த யுனெஸ்கோ பொது மாநாட்டில் ஓர் உடன்படிக்கை வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 148 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை இரண்டே நாடுகள்; அமெரிக்காவும் இஸ்ரேலும். நான்கு நாடுகள் எந்தப் பக்கமும் சாயாமல் ஒதுங்கிக்கொண்டன. பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மையைப் பாதுகாத்து வளர்ப்பதற்கான அந்த உடன்படிக்கை 2007 மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்தது.

பன்முகத்தன்மை வேண்டும் என்பதில் இத்தனை நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பன்முகத்தன்மை என்றால் என்ன? அது ஒரு நாட்டில் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று எதைக்கொண்டு சொல்வது? உடன்படிக்கையின் நான்காவது பிரிவு அதற்கு விளக்கம் தருகிறது. குழுக்களின், சமுதாயங்களின் பண்பாடுகள் வெளிப்படும் பல்வேறு வழிகளே பண்பாட்டுப் பன்முகத்தன்மை என்பது அதன் சாரம். விளக்கம் இருக்கிறது, அளவுகோல் இல்லை. மானியமும் வரிச்சலுகையும் திரையரங்க ஒதுக்கீடும் இந்தச் சொல்லின் பெயரால்தான் வழங்கப்படுகின்றன. எனவே அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

முதலில் வந்த அளவுகோல் மிக எளிமையானது. படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்பதுதான் அது. 1946 மே மாதம் வாஷிங்டனில் பிரான்சின் சார்பில் லியோன் புளூமும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பைர்ன்ஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். போரில் நொடிந்துபோன பிரான்சுக்குக் கடன் தேவைப்பட்டது. ஹாலிவுட்டுக்குச் சந்தை தேவைப்பட்டது. ஒவ்வொரு 13 வாரத்திலும் 4 வாரங்கள் பிரெஞ்சுப் படங்களுக்கு; மற்ற வாரங்களில் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். 1948 ஜனவரியில் பிரெஞ்சுத் திரைத்துறையினர் பாரிஸ் தெருக்களில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டிலேயே 4 வாரம் 5 வாரமாக உயர்ந்தது. ஒரே ஒரு வாரத்திற்காக அத்தனை போராட்டம்! 1947ஆம் ஆண்டின் காட் வாணிப உடன்பாட்டிலும் திரையரங்க ஒதுக்கீட்டுக்குத் தனிப்பிரிவு ஒன்று இடம்பெற்றது.

நாட்டை வைத்து அளப்பது சுலபம். ஆனால் ஒரே நாட்டுக்குள் நடப்பதை அந்தக் கோல் காட்டாது. அதைக் காட்டியவர்கள் அமெரிக்கச் சமூகவியலாளர்களான ரிச்சர்ட் பீட்டர்சனும் டேவிட் பெர்கரும். 1975இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, 1948 முதல் 1973 வரையிலான பில்போர்ட் பாடல் பட்டியல்களை எடுத்துக்கொண்டது. வாரந்தோறும் முதல் பத்து இடங்களைப் பிடித்த பாடல்கள் எந்த நிறுவனத்தின் இசைத்தட்டுகள், எத்தனை புதுப் பாடகர்கள் உள்ளே வந்தார்கள், பாடல் வரிகள் எதைப் பற்றிப் பேசின என்றெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள்.

நாற்பதுகளின் இறுதியில் ஆர்.சி.ஏ. விக்டர், கொலம்பியா, டெக்கா, கேப்பிட்டல் ஆகிய நான்கு நிறுவனங்களே அந்த வெற்றிப் பாடல்களில் முக்கால்வாசிக்கும் மேல் கையில் வைத்திருந்தன. பாடல்களோ பெரும்பாலும் வழக்கமான காதல் பாடல்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. பெரிய விளம்பரதாரர்கள் வானொலியை விட்டுத் தொலைக்காட்சிக்குப் போனார்கள். தேசிய அளவிலான நிகழ்ச்சிகளை இழந்த வானொலி நிலையங்கள், அந்தந்த ஊர் நேயர்களுக்கு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுப் பிழைக்க வேண்டியதாயிற்று. 1948இலும் 1949இலும் அறிமுகமான புது வகை வினைல் தட்டுகள் எடை குறைந்தவை, எளிதில் உடையாதவை. சிறிய நிறுவனமும் அவற்றைத் தபாலில் அனுப்பிவிட முடிந்தது. கறுப்பின மக்களின் தாள இசைக்கும் நாட்டுப்புறத் தெற்கின் பாடல்களுக்கும் இதனால் கதவு திறந்தது. மெம்பிஸ் நகரின் சின்னஞ்சிறு நிறுவனமான சன் ரெக்கார்ட்ஸ் 1954இல் பாட வைத்த ஒரு லாரி ஓட்டுநர்தான் எல்விஸ் பிரெஸ்லி. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. அவரது ஒப்பந்தத்தை 35,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது.

நிறுவனங்கள் ஒரு சிலவாகக் குவியும்போது பாடல்களின் வகை சுருங்குகிறது. போட்டி பெருகும்போது வகையும் பெருகுகிறது. இதுதான் பீட்டர்சனும் பெர்கரும் கண்ட முடிவு. பல ஆண்டுகள் இது வேதவாக்காகவே இருந்தது. 1992இல் பால் லோப்ஸ் என்ற ஆய்வாளர் 1969 முதல் 1990 வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டு பார்த்தபோது கணக்கு மாறியது. பெரிய நிறுவனங்களின் பிடி மீண்டும் இறுகியிருந்தது, ஆனால் வகை அதற்கேற்பக் குறையவில்லை. எல்விஸ் தந்த பாடத்தைப் பெரிய நிறுவனங்கள் நன்றாகவே படித்திருந்தன. தங்களுக்குள்ளேயே பாதிச் சுதந்திரத்தோடு இயங்கும் சிறிய பிரிவுகளை வைத்துக்கொண்டும், வெளியே உள்ள சிறியவர்களோடு கைகோத்துக்கொண்டும் புதுமையைத் தாங்களே தேடிப் பிடித்தன.

அப்படியானால் எதைத்தான் எண்ணுவது? விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்டி ஸ்டிர்லிங், மின்சாரம் தயாரிக்க ஒரு நாடு எத்தனை விதமான எரிபொருளை நம்பியிருக்கலாம் என்று ஆராய்ந்து வந்தவர். பன்முகத்தன்மையில் மூன்று கூறுகள் கலந்திருப்பதாக அவர் சொன்னார். எத்தனை வகை என்பது முதலாவது. ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு பங்கு என்பது இரண்டாவது. அந்த வகைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பது மூன்றாவது. இரவுச் சந்தையில் இருபது கடைகள் இருக்கலாம். இருபதிலும் நாசி லெமாக் என்றால் அது ஒரே வகை. ஐந்து வகை உணவு இருந்து, பதினாறு கடை நாசி லெமாக், மீதி நான்கும் ஆளுக்கு ஒன்று என்றால் வகை உண்டு, சமநிலை இல்லை. ஐந்தும் சம பங்காக இருந்து, ஐந்துமே தேங்காய்ப்பால் சோறாக இருந்தால்? அங்கேதான் வேறுபாடு என்ற மூன்றாவது கூறு தேவைப்படுகிறது. அளக்கக் கடினமானதும் அதுதான். இரண்டு பாடல்களுக்கு இடையே உள்ள தூரத்தை எந்த நாடா கொண்டு அளப்பது?

பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிரான்சுவாஸ் பெனாமூவும் ஸ்டெஃபனி பெல்டியேவும் இந்த மூன்று கூறுகளையும் 1990 முதல் 2003 வரையிலான பிரெஞ்சுப் புத்தகத் தொழிலுக்குப் பொருத்திப் பார்த்தனர். கடைக்கு வந்தவை வேறு, மக்கள் வாங்கியவை வேறு என்று அவர்கள் பிரித்தது முக்கியமானது. எந்தக் கூறை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு தலைகீழாகவே மாறிவிடக்கூடும் என்று அவர்கள் கண்டார்கள். யுனெஸ்கோவின் புள்ளிவிவர நிலையமும் பின்னர் ஸ்டிர்லிங்கின் முறையைச் சோதித்துப் பார்த்து 2011இல் அறிக்கை வெளியிட்டது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்குத் தென்கொரியா சாட்சி. திரையரங்குகள் ஆண்டுக்கு 146 நாள் கொரியப் படங்களைத் திரையிட வேண்டும் என்பது அங்கே நெடுங்கால விதி. அமெரிக்காவோடு தடையற்ற வாணிப ஒப்பந்தம் பேசத் தொடங்கிய நேரத்தில் அரசு அதைப் பாதியாக, 73 நாளாகக் குறைத்தது. நடிகர் சொய் மின்-சிக் அரசு தமக்களித்த பதக்கத்தையே திருப்பிக் கொடுத்தார். 2006 ஜூலை 1ஆம் நாள் புதிய விதி நடப்புக்கு வந்தது. அதே மாத இறுதியில் போங் ஜூன்-ஹோவின் 'தி ஹோஸ்ட்' 620 திரைகளில் வெளியானது. நாட்டில் இருந்த திரைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! 1 கோடியே 30 லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு விற்ற நுழைவுச்சீட்டுகளில் பாதிக்கும் மேல் கொரியப் படங்களுடையவை. நாட்டை வைத்து அளந்தால் பெரும் வெற்றி. சமநிலையை வைத்து அளந்தால்? அந்த ஆண்டு எடுக்கப்பட்ட மற்ற சிறிய கொரியப் படங்களின் இயக்குநர்களைத்தான் கேட்க வேண்டும். திரை கிடைக்காமல் போனதற்கு அவர்களால் ஹாலிவுட்டை மட்டும் குறை சொல்லிவிட முடியாது.

மலேசியாவில் இதே கேள்வி மொழியின் வடிவில் வந்தது. மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் கலந்து பேசிய யாஸ்மின் அகமதுவின் 'செப்பெட்' 2005இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானபோதே முணுமுணுப்பு எழுந்தது. 2016இல் விழா ஏற்பாட்டாளர்கள் தேசிய மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு, மற்ற மொழிப் படங்களுக்கு இன்னொரு பிரிவு என்று வகுத்தனர். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' என்ற தமிழ்ப் படமும், நாட்டின் காற்பந்துப் பெருமையைச் சொன்ன 'ஓலா போலா'வும் இரண்டாவது பிரிவில் போடப்பட்டன. வகைகளை எண்ணிப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டாக விருது கூடியிருந்தது. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் கதையை இந்த மண்ணிலேயே எடுத்த படம், சிறந்த மலேசியப் படம் என்ற போட்டிக்கு வெளியே நின்றது. ஒளிப்பதிவாளர் ஒருவர் தாம் முன்பு பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். மலாய்க் கலைஞர்கள் உட்படப் பலர் குரல் கொடுத்தார்கள். பிரிவுகள் மாற்றப்பட்டன. எந்த மொழிப் படமும் போட்டியிடலாம் என்ற நிலை வந்ததும், அந்த ஆண்டு செப்டம்பரில் சிறந்த மலேசியப் படத்திற்கான விருது 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது.