டீசல் எஞ்சின் காரேறிய வரலாறு

டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினாத்தாளில் கேட்பதுண்டு. ருடால்ப் டீசல் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆசிரியப் பணியில் நானும் அவ்வாறே வழங்கி வந்தேன். அது சரியான விடையே. ஆயினும் விடை சரியாயிருத்தல் வேறு. வரலாறு நிறைவாயிருத்தல் வேறு.

1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டீசல் இயக்கிக் காட்டிய எஞ்சின், ஆளுயரத்தை விஞ்சிய ஒற்றைச் சிலிண்டர் எந்திரம். காற்றை மிக அழுத்தினால் அது கடும் வெப்பம் அடையும். அவ்வெப்பத்தில் எண்ணெயைச் செலுத்தினால் தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளும். இதுவே அதன் தத்துவம். ஆனால் எண்ணெயை உட்செலுத்தத் தனியே ஒரு காற்றழுத்தக் கருவி வேண்டியிருந்தது. அதனை ஆலையும் கப்பலும் சுமக்கலாம், கார் சுமக்குமா? 1913-ல் டீசல் மறைந்தார். தம் எஞ்சின் காரில் ஓடியதை அவர் காணவில்லை.

எஞ்சிய பணியைப் பிறர் மேற்கொண்டனர். மான்ஹைம் நகரின் பென்ஸ் கம்பெனியைச் சேர்ந்த பிராஸ்பர் லோராஞ்ச், சிலிண்டரின் தலையில் ஒரு சிற்றறை அமைக்கும் முறைக்கு 1909-ல் காப்புரிமை கோரினார். அவ்வறையில் தொடங்கும் எரிதலே எண்ணெயைச் சிலிண்டருக்குள் சிதறச் செய்தது. காற்றழுத்தக் கருவி தேவையற்றுப் போயிற்று. 1923-ல் பென்ஸ் லாரியில் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஏறிற்று. 1927-ல் பாஷ் கம்பெனி, எண்ணெயை நுட்பமாக அளந்து செலுத்தும் பம்புகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கிற்று.

காருக்கென மெர்சிடிஸ்-பென்ஸ் பொறியாளர்கள் முதலில் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்திச் சோதித்தனர். அதன் அதிர்வை வண்டியின் சட்டம் தாங்கவில்லை. ஆகவே நான்கு சிலிண்டரே போதுமெனக் கொண்டனர். 1936-ல் பெர்லின் கண்காட்சியில் 260 டி கார் அரங்கேறியது. அதன் கொள்ளளவு 2.5 லிட்டர்; ஆற்றல் 45 குதிரைத்திறன். வேகத்தில் பெரிதன்று, சிக்கனத்தில் பெரிது. அதனால் டாக்சிக்காரர்கள் அதனை விரும்பினர். போருக்குப் பின் 1949-ல் 170 டி காரில் 1.7 லிட்டரில் 38 குதிரைத்திறனும், 1958-ல் 190 டி காரில் 1.9 லிட்டரில் 50 குதிரைத்திறனும் கிட்டின. பாய்ச்சல் அன்று; படிப்படியான ஏற்றம்.

பணி இன்னும் முடிந்துவிடவில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திற்று. ஒருவர் விட்ட குறையை அடுத்தவர் தீர்ப்பதே எந்திரங்களின் வரலாறு. மாணவர்களே, இந்தக் குறை உங்கள் தலைமுறையின் பங்கு.